கையால் பொத்திய டெலிபோன்

எங்கள் தெருவில் அந்த நாளில் ஒரே ஒரு டெலிபோன்தான் இருந்தது. வக்கீல் மாமா வீட்டுக் கூடத்தில், ஒரு மர முக்காலியின் மேல், மாமி கையால் பின்னிய வெள்ளை விரிப்பின் மீது, உற்சவ மூர்த்தியைப் போல அது எழுந்தருளியிருந்தது. தெருவில் இருந்த பதினெட்டு வீட்டுக்காரர்களும் வெளியூர் உறவினர்களுக்கு அந்த எண்ணைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று இரண்டு எழுத்துக்கள் இருக்கும். அவற்றின் பொருள் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 'பக்கத்து வீட்டுப் போன்' என்பதன் சுருக்கம் அது என்று நான் வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையால் எந்த நஷ்டமும் ஏற்படவில்லை.

1989-ஆம் வருஷம். என் அக்காவைப் பிலாயில் கட்டிக் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாதத்துக்கு ஒரு முறை வக்கீல் மாமாவின் பையன் மூச்சு வாங்க ஓடி வருவான். "பிலாயிலிருந்து டிரங்க் கால்! சீக்கிரம் வரச் சொன்னாங்க!" அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக் கையைப் புடைவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே ஓடுவாள். அவளுக்குப் பின்னால் நானும் ஓடுவேன்.

மாமா நாற்காலியைக் காட்டுவார். அம்மா உட்கார மாட்டாள். ரிசீவரை வலது கையால் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். இடது உள்ளங்கையைக் குவித்துப் பேசுகிற பக்கத்தைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் மிகவும் நல்லவர்கள். அம்மாவுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று மரியாதையாகத் தங்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த மரியாதைதான் வினையாக முடிந்தது. மாமாவும், மாமியும், வழக்குக்கு வந்திருந்த கட்சிக்காரர்களும் வாய் மூடி உட்கார்ந்திருக்கும் அந்த நிசப்தத்தில் அம்மா என்ன கேட்பாள்?

"சௌக்கியமா? சாப்பிட்டியா? அங்கே குளிர் ஜாஸ்தியா?"

மூன்று நிமிஷம் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "என்ன சொன்னாள்?" என்று கேட்பார். "ஒன்றும் சொல்லவில்லை" என்பாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "நான் கேட்டால்தானே சொல்லுவாள்?" என்பாள்.

அக்காவின் கடிதங்களில் எழுத்து வர வரச் சிறுத்துக்கொண்டு வந்தது. கடிதத்தைத் தபாலில் சேர்க்குமுன் அங்கே யாரோ படிக்கிறார்கள் என்பது அம்மாவின் சந்தேகம். ஆகையால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்பதற்கு அம்மாவுக்கு டெலிபோன் ஒன்றுதான் வழி. ஆனால் டெலிபோனோ வக்கீல் மாமா வீட்டுக் கூடத்தில் இருந்தது. குவித்த உள்ளங்கை ஒன்றுதான் அம்மாவுக்குக் கிடைத்த மறைவு.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தக் கையை எனக்கு ஞாபகப்படுத்தியது ஓர் அமெரிக்கக் கோர்ட்டுத் தீர்ப்பு. சட்டம் படித்தவன் அல்ல நான். ஒரு நாவலுக்காக டெலிபோனின் பூர்வ கதையைத் தேடிக்கொண்டிருந்தபோது, 1956-ஆம் வருஷத்துத் தீர்ப்பு ஒன்று கையில் அகப்பட்டது. அதில், ஒரு மனிதன் தன் டெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு பேசலாமா என்று பெரிய பெரிய நீதிபதிகள் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள்! படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மாவின் கை சமுத்திரம் தாண்டிப் போய் அந்தக் கோர்ட்டில் சாட்சி சொன்னது போல எனக்குத் தோன்றிற்று.

அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் 1876-இல் டெலிபோனுக்குப் பேடண்டு வாங்கினார். அவருடைய பேடண்டுகள் 1893, 1894-ஆம் வருஷங்களில் காலாவதியாயின. அவ்வளவுதான், அமெரிக்காவில் ஊருக்கு ஊர் புதிய டெலிபோன் கம்பெனிகள் முளைத்துவிட்டன. போட்டி வந்தால் ஜனங்களுக்கு நல்லதுதானே என்று நாம் நினைப்போம். ஒரு விதத்தில் நல்லதுதான். கட்டணம் குறைந்தது, கிராமங்களுக்கும் கம்பி போயிற்று. ஆனால் ஒரு கம்பெனியின் கம்பி மற்றொரு கம்பெனியின் கம்பியோடு சேராது. நம் வீட்டில் ஒரு கம்பெனி டெலிபோன், சம்பந்தி வீட்டில் மற்றக் கம்பெனி டெலிபோன் என்றால், இரண்டு வீட்டாரும் அவரவர் டெலிபோனைத் துடைத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வாடிக்கைக்காரர்களை இழக்க விரும்பாத கடைக்காரர்கள் இரண்டு டெலிபோன்கள் வைத்து இரண்டு சந்தா கட்டினார்கள்.

இந்த நிலையில், பெல்லின் வழி வந்த அமெரிக்கன் டெலிபோன் அண்டு டெலிகிராப் கம்பெனிக்கு 1907-இல் தியோடர் வெயில் என்பவர் தலைவரானார். நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு, ஒரே கொள்கை, எல்லோருக்கும் சேவை என்பது அவருடைய மந்திரம். போட்டிக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கத் தொடங்கினார். சர்க்கார் முகம் சுளித்தது. 1913-இல் இரு தரப்புக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மற்றக் கம்பெனிகளும் தன்னுடைய தூர தேசக் கம்பிகளோடு இணைந்துகொள்ளலாம் என்று பெல் கம்பெனி ஒப்புக்கொண்டது. அதைத் தொடர்ந்து, கம்பெனி ஏகபோகமாக இருக்கலாம், ஆனால் கட்டணத்தையும் நடத்தையையும் சர்க்கார் கண்காணிக்கும் என்ற ஏற்பாடு மெள்ள மெள்ள உருவாயிற்று. 1934-இல் அந்தக் கண்காணிப்புக்கென்றே தகவல் தொடர்புக் கமிஷன் ஒன்றைச் சட்டம் போட்டு நிறுவினார்கள்.

கம்பெனியை நான் குறை கூறிக்கொண்டே போகப் போவதில்லை. அவர்கள் கொடுத்த டெலிபோன் எளிதில் கெட்டுப் போகாது. கெட்டால் ஆள் வந்து பழுது பார்த்துவிட்டுப் போவான், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. தூர தேசப் பேச்சுக்குக் கூடுதலாக வாங்கிய பணம், உள்ளூர்ச் சந்தாவைத் தாழ்வாக வைத்திருக்க உதவிற்று. அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில்தான் 1947-ஆம் வருஷக் கடைசியில் டிரான்சிஸ்டர் பிறந்தது. இன்றைக்கு நம் சட்டைப் பையில் இருக்கும் டெலிபோன் வரைக்கும் எல்லாம் அதன் சந்ததிதான்.

ஆனால் ஒரு விஷயம். வீட்டில் இருக்கும் டெலிபோன் வீட்டுக்காரனுடையது அல்ல. அது கம்பெனியின் சொத்து. விற்பனைக்கு அல்ல என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். சந்தாதாரர் வாழ்நாள் முழுவதும் வாடகை கட்டலாம். சொந்தம் கொண்டாட முடியாது. அதோடு கட்டண விதிகளில் ஒரு ஷரத்தும் உண்டு: கம்பெனி கொடுக்காத எந்தப் பொருளையும் டெலிபோனோடு பொருத்தவோ இணைக்கவோ கூடாது.

இதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எவனோ ஒருவன் கோளாறான யந்திரத்தைக் கம்பியில் மாட்டி, அதன் வழியே மின்சாரம் பாய்ந்து, கம்பத்தின் மேல் வேலை செய்யும் தொழிலாளிக்கு ஆபத்து வந்தால் யார் ஜவாப்? ஆகவே கம்பெனி விதித்தது. கமிஷன் தலையை ஆட்டியது. சந்தாதாரரை யாரும் கேட்கவில்லை. விதிகள் எழுதப்படும் அறையில் சந்தாதாரருக்கு நாற்காலி போடுவது எந்த நாட்டிலும் வழக்கமில்லை.

இப்போது நம் கதாநாயகன் பிரவேசிக்கிறான். அவன் ஒரு கிண்ணம்.

கிண்ணத்தின் பெயர் ஹஷ்-ஏ-போன். 1921 முதல் விற்பனையில் இருந்தது. அதை விற்ற சிறிய கம்பெனியை நடத்தியவர் ஹாரி டட்டில் என்பவர். டெலிபோனில் பேசுகிற பக்கத்தின் மேல் அதை மாட்டிக்கொண்டு, அதற்குள் வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசினால், பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பேச்சு கேட்காது. அறையின் இரைச்சலும் கம்பிக்குள் போகாது. அதில் மின்சாரம் கிடையாது, கம்பி கிடையாது, யந்திரம் எதுவும் கிடையாது. வெறும் கிண்ணம். நாலு பேர் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் ஆபீசுகளில் அந்தரங்கமாகப் பேச வேண்டியவர்கள் அதை வாங்கினார்கள். லட்சத்துக்கு மேல் விற்றதாகக் கணக்கு.

கம்பெனி விதியைக் காட்டிற்று. கிண்ணம் கம்பெனி கொடுத்த பொருள் அல்ல; ஆகையால் மாட்டக் கூடாது என்று சந்தாதாரர்களையும் கடைக்காரர்களையும் எச்சரித்தது. டட்டில் சும்மா இருக்கவில்லை. 1948-ஆம் வருஷக் கடைசியில் கமிஷனிடம் முறையிட்டார்.

பிறகு நடந்ததை யாராவது நாவலில் எழுதியிருந்தால் மிகைப்படுத்தல் என்று நாம் ஒதுக்கிவிடுவோம். ஒரு பக்கம் உலகத்திலேயே பெரிய டெலிபோன் கம்பெனி. அதன் வக்கீல்கள், எஞ்சினீயர்கள், நிபுணர்கள். மறு பக்கம் டட்டிலும் அவருடைய கிண்ணமும். டட்டிலுக்காக ஒலி இயல் வல்லுநர்கள் இருவர் சாட்சி சொன்னார்கள். ஒருவர் லியோ பெரானெக். கிண்ணத்தின் புதிய வடிவத்தை அமைத்துக் கொடுத்தவர். மற்றவர் லிக்லைடர். கிண்ணத்தை வைத்துப் பேசினால் எதிர்ப்புறம் குரல் சிறிது தாழ்ந்தும் மாறியும் கேட்கிறது, இது டெலிபோன் சேவைக்கே ஊறு என்று கம்பெனி வாதித்தது. பேசுகிறவனும் கேட்கிறவனும் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தால் உங்களுக்கு என்ன என்பது டட்டிலின் கட்சி. ஒரு கிண்ணத்தைப் பற்றித் தீர்மானிக்கக் கமிஷனுக்கு ஏழு வருஷம் பிடித்தது. 1955-ஆம் வருஷக் கடைசியில் மனுவைத் தள்ளிவிட்டது. கிண்ணம் டெலிபோன் அமைப்புக்குத் தீங்கு விளைவிப்பது என்பது முடிவு.

டட்டில் வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டுக்குப் போனார். 1956 நவம்பரில் நீதிபதி பேஸலான் எழுதிய தீர்ப்பு வந்தது. அதன் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். கிண்ணம் செய்கிற காரியத்தைத்தான் ஒரு மனிதன் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு பேசும்போது செய்கிறான். கையைக் குவித்தால் குற்றமில்லை, கிண்ணத்தை வைத்தால் குற்றம் என்று சொல்வது நியாயமும் ஆகாது, பொருத்தமும் ஆகாது. பிறருக்குப் பொதுவில் கெடுதி இல்லாத வரையில், தனக்குப் பயன்படும் முறையில் டெலிபோனை உபயோகித்துக்கொள்ளச் சந்தாதாரருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையில் தலையிடக் கம்பெனிக்கு அதிகாரமில்லை.

எனக்கு அந்தக் கடைசி வாக்கியங்கள் போதும். வீட்டுக்குள் வரும் கம்பிக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவனுடைய இஷ்டம் என்று முதன்முதலாக ஒரு கோர்ட்டு சொல்லிவிட்டது. மிகவும் சின்ன இஷ்டம்; தன் வாயைத் தான் மூடிக்கொண்டு பேசுகிற இஷ்டம். பெரிய உரிமைகள் பல இப்படிச் சின்ன வாசல் வழியாகத்தான் குனிந்து வந்திருக்கின்றன.

கம்பெனி வேண்டா வெறுப்பாக விதியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, மற்றபடி பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தது. அடுத்தபடியாக டெக்ஸாஸ் மாகாணத்தில், டல்லாஸ் நகரத்தில், டாம் கார்ட்டர் என்பவர் கிளம்பினார். எண்ணெய் வயல்களிலும் பெரிய பண்ணைகளிலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கத்தில் டெலிபோன் ஏது? அவர்களிடம் ரேடியோ உண்டு. ஆனால் ரேடியோ பேச்சு டெலிபோனுக்குள் போகாது. கார்ட்டர் ஒரு பெட்டி செய்தார். ஆபீசில் இருக்கும் டெலிபோன் ரிசீவரை அந்தப் பெட்டியின் மேல் படுக்க வைத்தால், டெலிபோனில் வந்த குரல் ரேடியோவுக்கும், ரேடியோவில் வந்த குரல் டெலிபோனுக்கும் தாவும். கம்பியோடு கம்பி சேர்க்கவில்லை. ரிசீவரைப் படுக்க வைத்தது தவிர வேறு பாவம் அறியார். 1959 முதல் 1966 வரை சுமார் 3,500 பெட்டிகளை விற்றார். கம்பெனி வழக்கம்போல விதியைக் காட்டியது. கார்ட்டர் வழக்குப் போட்டார். வழக்கு கமிஷனுக்கு வந்தது. கிண்ணத்தின் விஷயத்தில் கமிஷன் ஒரு முறை சூடு கண்டது அல்லவா? 1968 ஜூனில், கார்ட்டரின் பெட்டியை மாட்டலாம் என்றது மாத்திரமல்ல; அந்தப் பழைய விதி தொடக்கத்திலிருந்தே சட்ட விரோதம் என்றும் தீர்ப்பளித்தது.

அப்போதும் கம்பெனி உடனே கதவைத் திறந்துவிடவில்லை. பிறருடைய கருவியை மாட்டுவதானால் நடுவில் எங்களுடைய காப்புப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும், அதற்கு மாத வாடகை கட்ட வேண்டும் என்றது. 1970-களின் பிற்பகுதியில் கமிஷன் வேறு வழி கண்டுபிடித்தது. கருவி செய்கிறவர்கள் அது கம்பிக்குக் கெடுதி செய்யாது என்று காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவான கருவியை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கி, சுவரில் இருக்கும் சின்னச் சொருகியில் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளலாம். கம்பத்தின் மேல் இருக்கும் தொழிலாளிக்கும் பாதுகாப்பு. வீட்டில் இருப்பவனுக்கும் சுதந்திரம். முதலிலேயே இதைச் செய்திருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் நல்ல யோசனைகள் எல்லாம் வேறு யோசனைகள் தீர்ந்த பிறகுதான் வருகின்றன.

அந்தச் சொருகி வழியாக என்னென்ன உள்ளே வந்தன என்று பாருங்கள். ஆள் இல்லாத போது செய்தியைப் பதிந்து வைக்கும் யந்திரம் வந்தது. கடிதத்தை அப்படியே நகல் எடுத்து அனுப்பும் பேக்ஸ் வந்தது. கம்ப்யூட்டரைக் கம்பியோடு பேச வைக்கும் மோடம் வந்தது. மோடத்தின் பின்னால் இன்டர்நெட் வீட்டுக்குள் நுழைந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிண்ணத்துக்காகச் சாட்சி சொன்ன லிக்லைடர்தான் 1960-களில், கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கலாம் என்ற கனவை அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி இலாகாவில் விதைத்தவர். பெரானெக் பங்குதாரராக இருந்த கம்பெனிதான் 1969-இல் அந்தக் கனவின் முதல் இணைப்பு யந்திரங்களைச் செய்து கொடுத்தது. ஒரு கிண்ணத்தைக் காப்பாற்றப் போன இருவர் பெரிய வலை ஒன்றுக்கு நூல் நூற்றுவிட்டு வந்திருக்கிறார்கள்!

புதிய யந்திரம் வந்தால் எல்லாம் தானாக மாறிவிடும் என்று நாம் பேசுகிறோம். ஹாரி டட்டிலின் கிண்ணம் 1921-இலேயே வந்துவிட்டது. அதை மாட்டலாம் என்று தெளிவாக 35 வருஷம் ஆயிற்று. கண்டுபிடிப்பு தெருவரைக்கும் வரும். வாசற்படி தாண்டி உள்ளே வர ஒரு விதி வழி விட வேண்டும். அந்த விதியை யார், யாருக்காக எழுதுகிறார்கள் என்பதில்தான் நம் சௌகரியமும் சங்கடமும் இருக்கின்றன.

சுதந்திரம் இலவசமாக வந்தது என்று சொல்லிக் கதையை மங்களமாக முடிக்க எனக்கும் ஆசைதான். உண்மை அப்படி இல்லை. சர்க்கார் 1974-இல் தொடுத்த வழக்கு 1982-இல் சமரசத்தில் முடிந்து, 1984 ஜனவரி முதல் தேதி, சுமார் பத்து லட்சம் பேர் வேலை பார்த்த அந்த மாபெரும் கம்பெனி பிரிக்கப்பட்டது. உள்ளூர் டெலிபோன் ஏழு பிராந்தியக் கம்பெனிகளுக்குப் போயிற்று. தூர தேசப் பேச்சில் போட்டி வந்து கட்டணம் மளமளவென்று சரிந்தது. ஆனால் தூர தேசப் பணத்தில் தாங்கி நின்ற உள்ளூர்ச் சந்தா ஏறிற்று. 1985-இல் வீட்டு டெலிபோனுக்கு மாதம் 1 டாலர் என்று புதிய கட்டணம் ஒன்றைக் கமிஷன் சேர்த்தது. 1989-இல் அது மூன்றரை டாலர் ஆயிற்று. வெளியூருக்குத் தினமும் பேசும் வியாபாரிக்கு லாபம். உள்ளூரில் மகளோடு மட்டும் பேசும் கிழவிக்கு நஷ்டம். ஏழைகளுக்குச் சலுகை கொடுக்கத் தனியாக ஒரு திட்டமும் 1985-இல் தொடங்க வேண்டியிருந்தது.

முன்பு ஒரே பில்; இப்போது இரண்டு. முன்பு கெட்டால் ஒரே ஆள். இப்போது, 'கோளாறு உங்கள் கருவியில்' என்பான் ஒருவன், 'கம்பியில்' என்பான் மற்றொருவன். சொந்த டெலிபோனைச் சொற்ப விலைக்கு வாங்கலாம் என்ற காலம் வந்த பிறகும், விஷயம் தெரியாமல் பழைய கறுப்பு டெலிபோனுக்குப் பல வருஷங்கள் வாடகை கட்டிக்கொண்டிருந்த முதியவர்கள் உண்டு. சந்தாதாரருக்கே தெரியாமல் அவரை ஒரு கம்பெனியிலிருந்து மற்றொரு கம்பெனிக்கு மாற்றிவிடும் புதிய தந்திரமும் 1990-களில் கிளம்பிற்று. அதைத் தடுக்கக் கமிஷன் மீண்டும் விதி எழுதியது. ஏகபோகத்துக்கு ஒரு காவல் வேண்டும். போட்டிக்கு வேறு காவல் வேண்டும். காவலே வேண்டாத காலம் ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால், அவர் டெலிபோன் கம்பெனிக்காரராக இருப்பார்.

இனி எங்கள் தெருவுக்குத் திரும்புகிறேன்.

நம் நாட்டில் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு டெலிபோன் 1882-லேயே வந்துவிட்டது. 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம் கம்பியின் தனியுரிமையைச் சர்க்காருக்கு எழுதி வைத்தது. தனியார் கம்பெனிகள் நடத்திவந்த அந்தப் பெருநகர டெலிபோன்களையும் 1943-இல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் கம்பெனி செய்ததை இங்கே இலாகா செய்தது. ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே டெலிபோனை மூடிக்கொண்டு பேசலாமா என்று சண்டை போட்டார்கள்; இங்கே டெலிபோன் கிடைக்குமா என்று மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். என் அப்பாவும் ஒரு மனுப் போட்டிருந்தார். அந்த மனுவின் ரசீதை நாங்கள் வெகு காலம் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தோம்.

1990-ஆம் வருஷம், எங்கள் கடைத்தெரு முனையில் மஞ்சள் பலகை மாட்டிய ஒரு சிறு கடை திறந்தார்கள். நம்பரைச் சுழற்றினால் ஆபரேட்டர் தயவு இல்லாமல் பிலாய் கிடைக்கும் புதிய எக்ஸ்சேஞ்சு ஒரு பக்கம்; அதை வைத்துத் தனி மனிதர் கமிஷனுக்குக் கடை நடத்தலாம் என்ற புதிய விதி மறு பக்கம். இரண்டும் சேர்ந்து நாடெங்கும் இப்படிக் கடைகள் முளைத்த காலம் அது. ஊனமுற்றவர்களுக்கு இந்தக் கடைகளை ஒதுக்குவதில் முன்னுரிமை கொடுத்தார்கள். எங்கள் கடைக்காரரும் ஊன்றுகோலோடு நடப்பவர்தான். கடையின் மூலையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு இருந்தது. அதற்குக் கதவும் இருந்தது.

ஓர் இரவு, கட்டணம் குறைகிற நேரம் பார்த்து, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். கூண்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி வழியாக எனக்கு அவள் முதுகு தெரிந்தது. தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில் ரூபாய்க் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. முதல் நிமிஷம் அம்மா பழக்கத்தினால் கையைக் குவித்துப் பொத்திக்கொண்டுதான் பேசினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. கை மெள்ளக் கீழே இறங்கிற்று.

ஒன்றரை வருஷமாக மனசில் வைத்திருந்த அந்தக் கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பதிலும் வந்தது. நான்காம் நாள் அப்பா பிலாய்க்கு ரயில் ஏறினார். அந்தப் பதில் என்ன என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அக்காவின் விஷயம். கதவைச் சாத்திக்கொண்டு பேசியதை நான் கடைத்தெருவில் சொல்வது முறையாகாது. அக்கா இப்போது சென்னையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறாள் என்பதை மட்டும் சொல்லலாம்.

அதற்குப் பிறகு நம் நாட்டில் எத்தனையோ மாறிவிட்டன. 1995-இல் மொபைல் வந்தது. 1997-இல் கண்காணிக்கும் ஆணையம் வந்தது. பிறர் கூப்பிட்டதை எடுத்துப் பேசினாலும் நம் தலையில் காசு என்றிருந்த அநியாயம் 2003 மே முதல் தேதியோடு போயிற்று. மணி அடித்தால் திகிலோடு பார்த்துக்கொண்டிருந்த என் மாமா அன்றைக்குத்தான் நிம்மதியாக 'ஹலோ' சொன்னார். நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதற்கும் வந்தது. 2016 பிப்ரவரியில், எதைப் பார்க்கிறாய் என்பதை வைத்துக் கட்டணத்தில் பேதம் செய்யக் கூடாது என்று ஆணையம் விதித்தது. கம்பி உன்னுடையது, அதில் என்ன பேசுவது என்பது என்னுடையது என்று கிண்ணத்துக்காரர் தொடங்கிய வாதத்தின் இன்னொரு சுற்றுத்தான் அது.

நம் சுப்ரீம் கோர்ட்டும் இதே வாசலுக்கு வேறொரு பாதையில் வந்து சேர்ந்தது. டெலிபோனை ஒட்டுக் கேட்பது பற்றிய வழக்கில், வீட்டிலோ ஆபீசிலோ பிறர் தலையீடின்றி டெலிபோனில் பேசுவது ஒருவருடைய அந்தரங்க உரிமையைச் சேர்ந்தது என்று 1996 டிசம்பரில் சொல்லிற்று. சட்டப்படியான நடைமுறை இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது என்றது. அந்தத் தீர்ப்புக்கு ஆறு வருஷம் முன்பே கண்ணாடிக் கூண்டுக்குள் அம்மா அந்த உரிமையை அனுபவித்துவிட்டாள். சில சமயம் கோர்ட்டை முந்திக்கொண்டு ஒரு தச்சன் கதவு போட்டுவிடுகிறான்.

இந்தக் கதையை எல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். நீதிபதி பெயரையோ கமிஷனையோ அவள் பொருட்படுத்தவில்லை.

"அந்தக் கிண்ணம் என்ன விலை இருக்கும்?" என்று கேட்டாள்.

"எதற்கு அம்மா?"

"வக்கீல் வீட்டில் பேசின காலத்தில் கிடைத்திருந்தால், வளையலை அடகு வைத்தாவது வாங்கியிருப்பேன்" என்றாள்.

இப்போது அவளுக்கென்று ஒரு மொபைல் இருக்கிறது. சமையலறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு தினமும் மாலையில் அக்காவோடு பேசுகிறாள். கூடத்தில் ஒருவரும் இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இடது உள்ளங்கையைக் குவித்துப் பேசுகிறாள். "யார் கேட்கப் போகிறார்கள் அம்மா? கையை எடுத்துவிட்டுப் பேசேன்" என்று ஒரு நாள் சொல்ல வாயெடுத்தேன். அதே நாள் காலையில், முந்தின இரவு நானும் மனைவியும் டெலிபோனில் பேசிக்கொண்ட ஒரு சாமானுக்கு என்னுடைய மொபைலில் விளம்பரம் வந்திருந்தது. தற்செயலாக இருக்கலாம். இருந்தாலும், சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அம்மாவின் கை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.